கெடா மண்ணில் வெள்ளைப்பூண்டு

சமையலறைக் கூடையின் அடியில் மறந்துபோன வெள்ளைப்பூண்டு ஒன்று பச்சை முளை விட்டிருக்கும். அதைக் குப்பையில் எறிய மனம் வராமல், வாசலில் இருக்கும் பூச்சட்டியிலோ வீட்டுக்குப் பின்னால் உள்ள பாத்தியிலோ ஊன்றி வைப்பவர்கள் பலர். சுங்கைப்பட்டாணியின் தாமான் வீடுகளிலும் பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களிலும் இக்காட்சியைக் காணலாம். ஒரு வாரத்தில் பச்சை இலை தலைகாட்டும். ஒரு மாதத்தில் ஒரு சாண் உயரத்திற்கு வளர்ந்து நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் மகிழ்ச்சியோடு தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்று மாதம் கழித்து இலை பழுத்துச் சாய்ந்ததும் மண்ணைக் கிளறிப் பார்த்தால், ஊன்றிய பல்லைவிடச் சற்றே பருத்த ஓர் உருண்டை இருக்கும். சில வேளைகளில் அதுவும் இராது. “மண்ணு சரியில்ல”, “நமக்குக் கைராசி இல்ல” என்ற பேச்சோடு அந்த முயற்சி முடிந்துவிடும்.

உண்மையில் குற்றம் மண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. கெடாவில் கிடைக்காத ஒன்றை அந்தச் செடி எதிர்பார்த்துக் காத்திருந்தது. அது குளிர்.

வெள்ளைப்பூண்டின் பூர்வீகம் நடு ஆசியாவின் மலைப்பகுதி. அங்குக் குளிர்காலத்தில் தரை உறைந்துபோகும். கோடையில் மண் வறண்டுவிடும். இவ்விரண்டு கடுமையான காலங்களுக்கும் இடையில் தப்பிப் பிழைக்கப் பூண்டு ஒரு வழியைக் கைக்கொண்டது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் வேர்விட்டுக் காத்திருக்கும். இளவேனிலில் இலைகளை வேகமாக வளர்க்கும். கோடை வறட்சி வருவதற்குள் தன் உணவையெல்லாம் மண்ணுக்கு அடியில் பற்களாகச் சேமித்துவிட்டு இலைகளை உதிர்த்துவிடும். நாம் உண்ணும் பூண்டு அந்தச் செடியின் சேமிப்புக் கிடங்கு. மனிதன் இந்தக் கிடங்கை மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டான். 1922ஆம் ஆண்டு எகிப்தில் திறக்கப்பட்ட மன்னன் துட்டன்காமுனின் கல்லறையில் காய்ந்த பூண்டும் கிடைத்தது. அந்த மன்னன் இறந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது.

சேமிப்பை எப்போது தொடங்குவது என்பதைச் செடி எப்படி அறிகிறது? அதற்கு இரண்டு அடையாளங்கள் தேவை. முதலாவது, சில வாரங்கள் நீடிக்கும் குளிர். அந்தக் குளிரை உணர்ந்த பிறகுதான் செடியின் அடிப்பகுதியில் உள்ள மொட்டுகள் தனித்தனிப் பற்களாகப் பிரியத் தயாராகும். இரண்டாவது, நீண்டுகொண்டே போகும் பகல். பகல் நீளும்போது, கோடை நெருங்குகிறது என்று செடி கணக்கிட்டுக் கொள்கிறது. இலை வளர்ப்பதை நிறுத்திக்கொண்டு கீழே பருக்கத் தொடங்குகிறது.

மலேசியக் கடைகளில் விற்கப்படும் பூண்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உலகப் பூண்டு விளைச்சலில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்நாட்டினுடையது. சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் ஜின்சியாங் என்னும் வட்டாரம் பூண்டுக்குப் பெயர் பெற்றது. அங்கு இலையுதிர் காலத்தில் பூண்டை நடுகிறார்கள். குளிர்காலம் முழுவதையும் அது மண்ணில் கழிக்கிறது. மே, ஜூன் மாதங்களில் அறுவடை நடைபெறுகிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு நான்கரை மணி நேரத்திற்கும் அதிகம். கெடாவிலோ அந்த வேறுபாடு முக்கால் மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. அலோர்ஸ்டார் நகரில் ஜூன் மாதமானாலும் டிசம்பர் மாதமானாலும் பொழுது ஏழு மணியை ஒட்டியே விடிகிறது. ஏழரை மணியை ஒட்டியே சாய்கிறது. இரவில்கூட வெப்பநிலை 23 அல்லது 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஜின்சியாங் வயலில் விளைந்த பூண்டு கெடா மண்ணில் எந்தச் செய்தியும் வராத அஞ்சல்பெட்டிபோலக் காத்துக் கிடக்கிறது.

அப்படியானால் வெப்ப நாடுகளில் பூண்டே விளையாதா? விளையும், அதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள கொடைக்கானல் மலையின் மேற்பகுதியில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கூக்கால் முதலிய சிற்றூர்கள் உள்ளன. மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் அங்குள்ள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பூண்டு பயிரிட்டு வருகிறார்கள். ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று அழைக்கப்படும் அந்தப் பூண்டு, காரமும் மணமும் மிகுந்தது. நன்கு உலர்த்தி வைத்தால் நீண்ட காலம் கெடாது. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேறிடத்தில் விளைந்த பூண்டை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

கொடைக்கானல், பூமத்திய ரேகையிலிருந்து கெடாவைவிடச் சற்றே தள்ளி இருக்கிறது. அங்கும் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. கூடினால் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல். ஆனால், அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். நெடும்பகல் தராத அடையாளத்தை மலைக்குளிர் தந்துவிடுகிறது. அதோடு, ஒவ்வோர் ஆண்டும் நன்றாக விளைந்த பூண்டையே மீண்டும் விதைக்கு எடுத்து வைத்ததால், குறுகிய பகலிலும் பருக்கும் இயல்புடைய வகை அங்கே நிலைபெற்றுவிட்டது. கெடாவின் உயர்ந்த சிகரமாகக் கண்ணுக்குத் தெரியும் குனோங் ஜெராயின் உயரம் 1,217 மீட்டர்தான். அதன் உச்சியில் காற்று இதமாக இருக்குமே தவிர, பூண்டுக்குப் போதுமான குளிர் இராது.

கெடாவின் தோட்டப்புறத் தமிழர்களுக்குக் காய்கறி பயிரிடுவது புதிய பழக்கம் அன்று. பால்மரத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் இல்லாத வீடு குறைவு. கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், புடலை என்று பருவத்திற்கு ஏற்ற பாத்திகள் இருந்தன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காதபோது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் பலரின் உயிரைக் காத்தன. காலையில் மரம் சீவிவிட்டுத் திரும்பியவர்கள் மாலையில் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். சமையலுக்குத் தேவையானவற்றில் பாதியைக் கொல்லைப்புறமே தந்தது.

ஆனால், பூண்டு மட்டும் கடையிலிருந்தே வந்தது. தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கி, ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் சாமான்களில் அதுவும் ஒன்று. ரசத்திற்குத் தட்டிப் போடவும், புளிக்குழம்பில் முழுப் பல்லாக வதக்கிப் போடவும், பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியச் சாப்பாடு சமைக்கவும் பூண்டு வேண்டும். செலவு செய்யாமல் கிடைக்கும் முருங்கைக்கீரைக்குக்கூடக் காசு கொடுத்து வாங்கிய பூண்டுதான் துணை.

இன்று அந்தத் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நகருக்கு வந்த குடும்பங்களுக்கு மிஞ்சியிருப்பது வாசலோரம் ஒரு கீற்று மண், அல்லது அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் நான்கு வாளிகள். பூண்டுக்காக மலேசியா இன்னமும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. சீனாவில் விளைச்சல் குறைந்தால் இங்குள்ள சந்தையில் விலை ஏறும். வீட்டுத் தோட்டத்துப் பூண்டு அந்த இறக்குமதியை நிறுத்திவிடும் என்று சொல்வது மிகை. ஒரு குடும்பத்திற்கு ஓராண்டுக்கு வேண்டிய பூண்டைச் சட்டியில் விளைவிக்க முடியாது. எனினும், செடியின் இயல்பைப் புரிந்துகொண்டு நட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

முதலில் செய்ய வேண்டியது, கிடைக்காத குளிரை வீட்டுக்குள்ளேயே உருவாக்குவது. அதற்குக் குளிர்சாதனப் பெட்டி போதும். கடையில் பூண்டு வாங்கும்போது கெட்டியான, கனமான பூண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முளைக்காமல் இருப்பதற்காகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட பூண்டும் சந்தையில் உண்டு. அதை எவ்வளவு நாள் மண்ணில் வைத்தாலும் பயனில்லை. ஆகையால், ஒன்றிரண்டு பற்களை ஈரத்துணியில் வைத்து முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிறகு, பூண்டை உடைக்காமல் முழுதாகவே ஒரு காகிதப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறி அறையில் ஆறு முதல் எட்டு வாரம் வரை வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. அங்கே பல் உறைந்து செத்துவிடும். நெகிழிப்பையில் கட்டி வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கால அளவும் முக்கியம். கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல மழை பெய்யும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வெயிலும் வறண்ட காற்றும் இருக்கும். பூண்டுக்கு இந்த வறண்ட பருவமே ஏற்றது. மழைக்காலத்தில் நட்டால் பல் அழுகும். எனவே, தீபாவளியை ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த பூண்டைப் பொங்கலுக்கு முன்னர் மண்ணில் ஊன்றிவிட்டால் கணக்குச் சரியாக வரும். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வெளியே எடுத்த பூண்டை இரண்டு வாரம் மேசைமேல் வைத்துவிட்டு ஓய்வான ஒரு நாளில் நடுகிறார்கள். அந்த வெப்பத்தில், செடி பெற்ற குளிரின் பயன் கரைந்துபோகும். எடுத்த அன்றே பற்களைப் பிரித்து நட்டுவிட வேண்டும்.

பற்களைப் பிரிக்கும்போது தோலை உரிக்கக் கூடாது. வெளிப்புறத்தில் இருக்கும் பெரிய பற்களை நடுவதற்கும், உள்ளே இருக்கும் சிறியவற்றைச் சமையலுக்கும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு இதை மாற்றிச் செய்யவே மனம் வரும். பெரியதைத் தின்னத் தோன்றும். ஆனால், பெரிய பல்லில்தான் செடியின் தொடக்க உணவு அதிகம். கூர்மையான நுனி மேலே இருக்கும்படி மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். தட்டையான அடிப்பகுதியிலிருந்துதான் வேர் வரும். தலைகீழாக ஊன்றினால் முளை வளைந்து மேலே வருவதற்குள் பாதிச் சத்தை இழந்துவிடும். இரு பற்களுக்கிடையே ஒரு கையகல இடைவெளி விடலாம்.

மண்ணைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பழைய தோட்டப்புறங்களின் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. அலோர்ஸ்டாரைச் சுற்றியுள்ள நெல்வயல் பகுதிகளின் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூண்டுக்கு இரண்டும் உகந்தவை அல்ல. பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டி, நன்றாக மக்கிய மாட்டெருவும் தழை உரமும் கலந்து, புளிப்பு நீங்கச் சிறிது சுண்ணாம்புத் தூளோ விறகுச் சாம்பலோ தூவினால் மண் பொலபொலவென்று மாறும். பசுமையான கோழி எரு சூடு மிகுந்தது, வேரைக் கருக்கிவிடும். மண்ணே இல்லாத வீடுகளில், அடியில் துளையிட்ட பழைய சாய வாளி போதும். ஆனால், அதை நன்கு கழுவியிருக்க வேண்டும். நட்டதும் மேலே வைக்கோலைப் பரப்பினால் நண்பகல் வெயிலில் மண் கொதிக்காது. நெற்களஞ்சியமான கெடாவில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை.

செடி வளரும் காலத்தில் மண் ஈரமாக இருக்க வேண்டும். சேறாக இருக்கக் கூடாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் கிடைத்தால் நல்லது. களையை அவ்வப்போது கையால் பிடுங்கிவிட வேண்டும். பூண்டின் இலை மெலிந்து நிமிர்ந்து நிற்பதால் களையை நிழலால் அடக்க அதற்குத் தெரியாது. இலைகளில் வெள்ளிக் கீறல்கள்போல் தெரிந்தால் அது இலைப்பேனின் வேலை. ஊதா நிறப் புள்ளிகள் பரவினால் அது பூஞ்சண நோய். நோய் பிடித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்ற வேண்டும். மாலையில் இலையை நனைத்துவிட்டுப் போவதுதான் நோய்க்கு விடும் அழைப்பு.

நட்டு ஐந்தாறு வாரங்கள் ஆனதும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். இலை வேண்டுமா, பூண்டு வேண்டுமா? இரண்டையும் ஒரே செடியிடம் கேட்க முடியாது. இலையை வெட்ட வெட்ட, கீழே சேமிக்க உணவு இல்லாமல் போகும். தாழ்நிலத்தில் பூண்டு நடுபவர்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் விளைச்சல் இலைதான். பூண்டுத் தாள் என்று சொல்லப்படும் இந்த இலையைச் சீனர்கள் விரும்பி வதக்கி உண்கிறார்கள். தமிழர் வீட்டிலும் முட்டைப் பொரியலில் நறுக்கிப் போடலாம், துவையல் அரைக்கலாம், ரசத்தில் கொத்தமல்லித் தழையோடு தூவலாம். இதற்குக் குளிர்சாதனப் பெட்டியும் தேவையில்லை, எட்டு வாரக் காத்திருப்பும் தேவையில்லை. கூடையடியில் முளைத்துக் கிடந்த பூண்டே போதும். ஆகவே பூண்டு நட விரும்பும் வீட்டார், வாளிகளைப் பிரித்து வைத்துக்கொள்வது அறிவுடைமை: சில இலைக்கு, சில கிழங்குக்கு.

பூண்டு மணம் தரும் இலை மட்டுமே வேண்டுமென்றால் அதைவிட எளிய செடி ஒன்று கெடாச் சந்தைகளில் கட்டுக்கட்டாக விற்கிறது. குச்சாய் எனப்படும் அது பூண்டின் உறவுச் செடி. இலை தட்டையாக இருக்கும். மணமும் பூண்டைப் போன்றதே. அது குளிரைக் கேட்பதில்லை. ஒருமுறை நட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

பூண்டின் மணத்திற்கும் ஒரு கதை உண்டு. உடைக்காத பல்லை முகர்ந்து பார்த்தால் மணம் மிகக் குறைவாகவே இருக்கும். பல்லினுள் அல்லியின் என்னும் பொருளும் அல்லினேஸ் என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் உள்ளன. பல்லை நசுக்கும்போதோ பூச்சி கடிக்கும்போதோ அறைச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அந்த நொடியில் அல்லிசின் உருவாகிறது. மூக்கைத் துளைக்கும் காரமான மணம் அதனுடையது. 1944ஆம் ஆண்டு கவல்லிட்டோ, பெய்லி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் அல்லிசினைப் பிரித்தெடுத்து, அது நுண்ணுயிர்களைத் தடுக்கும் ஆற்றல் உடையது என்று கண்டறிந்தனர். செடியைப் பொறுத்தவரை அது ஒரு தற்காப்பு ஆயுதம். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். புளிக்குழம்பில் முழுதாக வெந்த பூண்டு இனிப்பாகவும் ரசத்திற்குத் தட்டிப் போட்ட பூண்டு காரமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பூண்டைத் தட்டியதும் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் போட்டால் மணம் கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும், பச்சைப் பூண்டை மருந்தாக நிறையச் சாப்பிடுவதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

மார்ச் அல்லது ஏப்ரல் வாக்கில் கீழ் இலைகள் இரண்டு மூன்று மஞ்சளாகும். அப்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பத்து நாள் கழித்துச் செடியை இலையைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் மண்ணைக் கிளறித் தூக்கி எடுக்க வேண்டும். தண்ணீரில் கழுவக் கூடாது. காற்றோட்டமான நிழலில் இலையோடு இரண்டு வாரம் கட்டித் தொங்கவிட்டால் தோல் காகிதம்போல் உலரும்.

எடுத்த பூண்டு கடைப் பூண்டின் பாதி அளவுதான் இருக்கும். சிலவற்றில் நான்கைந்து பற்களே பிரிந்திருக்கும். குளிர் போதாதவை ஒரே உருண்டையாக, பல் பிரியாமல் வரும். அதைக் கண்டு ஏமாற்றமடையத் தேவையில்லை. மருந்துக்கடைகளில் ‘ஒற்றைப் பூண்டு’ என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுவது இதே போன்ற பல் பிரியாத பூண்டுதான். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் அதைப் பெருமளவில் விளைவிக்கிறார்கள். அந்த உருண்டைகளை உண்ணலாம். உண்ணாமல் உலர்த்தி வைத்து, அடுத்த தீபாவளியின்போது மீண்டும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நட்டாலோ, அவற்றில் பல, பல் பிரிந்த பூண்டாகவே மண்ணிலிருந்து வரும். கொடைக்கானல் விவசாயி தன் விளைச்சலில் நல்லதை விதைக்கு ஒதுக்குவதுபோல, வீட்டுத் தோட்டத்தில் வந்தவற்றுள் பருத்த இரண்டைத் தனியே எடுத்து, காகிதப் பையில் ஆண்டைக் குறித்து வைத்துவிட்டால் அடுத்த பருவத்திற்கான விதை வீட்டிலேயே இருக்கும்.